கிருத்திகை விரதம் இருந்த வீடியோ கேம்

இராமச்சந்திரன் ஜெயித்துக்கொண்டே இருந்தான். ஜெயிக்க ஜெயிக்க அவனுக்கு வியர்த்தது.

தாண்டவராயன் வீட்டுக் கூடத்தில், டீவிக்கு எதிரே ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையிலிருந்த குமிழைத் திருகிக்கொண்டிருந்தான். திரையின் நடுவே ஒரு கோடு. இரண்டு ஓரத்திலும் இரண்டு வெள்ளைக் குச்சிகள். இடையில் ஓடும் ஒரு சதுரப் பந்து. இடப்பக்கத்துக் குச்சி அவனுடையது. குமிழைத் திருகினால் ஏறும், இறங்கும். வலப்பக்கத்துக் குச்சி மிஷினுடையது. அதுதான் மைல்கல் மாதிரி நட்ட இடத்திலேயே நின்றது. இவன் அடித்த பந்தெல்லாம் அதைத் தாண்டிப் போய் மறைந்தது. ஒவ்வொன்றுக்கும் பெட்டி 'டொய்ங்' என்று ஒரு சத்தம் கொடுத்து, இவன் கணக்கில் ஒரு புள்ளியை ஏற்றியது.

"மிஷினு நம்மள அடிக்கும்னு சொன்னியே கணக்குப்புள்ள," என்றார் தாண்டவராயன். "இது இன்னா, அடி வாங்கிக்கினு நிக்குது?"

தாண்டவராயனுக்கு உத்திரமேரூரில் ரைஸ் மில். அங்கே கணக்கு எழுதுபவன் இராமச்சந்திரன். முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நமச்சிவாயம். காஞ்சிபுரத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர். அவர் மகனுக்குத் தாண்டவராயன் தம் பெண்ணைக் கொடுப்பதாகப் பேச்சு. பொருத்தம், சீர் எல்லாம் படிந்து, கல்யாணம் காஞ்சிபுரத்திலா உத்திரமேரூரிலா என்ற இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. நமச்சிவாயத்துக்கு விளையாட்டு மிஷின் என்றால் உயிர். மெட்ராஸ் பொருட்காட்சிக்குப் போனால் ராட்டினம், அப்பளம் ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்காமல், காசு போட்டு ஆடும் பெட்டிகளின் முன்னால் நாளெல்லாம் நிற்பார். ஆளைக் குளிரவைக்க இதுதான் வழி என்று கண்டு, ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகக் கணக்குப்பிள்ளையைப் பெட்டியோடு வரச் சொல்லியிருந்தார் தாண்டவராயன்.

வரச் சொன்னதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. இராமச்சந்திரனின் வாய் அப்படி.

அவன் மனைவி கஸ்தூரியின் அண்ணன் சடையப்பன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மச்சானுக்கென்று ஒரு விளையாட்டுச் சாமான் கொண்டுவருவான். முதலில் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற சின்னப் பெட்டி; கூரையிலிருந்து விழும் ஆட்களை ஒருவன் வலை பிடித்துத் தாங்குவான். அடுத்த முறை நண்டுகளைச் சுடுகிற பெட்டி. இந்த முறை டீவியில் மாட்டி ஆடுகிற பெட்டி. கொண்டுவந்து வைத்தவன் எப்படி ஆடுவது என்று சொல்லிக்கொடுப்பதற்குள் கப்பலுக்கு நாளாகிவிட்டது என்று ஓடிவிட்டான். கூட வந்த காகிதமோ முழுக்கச் சீன எழுத்து. இராமச்சந்திரன் தானாகவே எல்லாம் கண்டுபிடித்துக்கொண்டான்.

கண்டுபிடித்ததை அவன் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. நெல் அரைக்க மாகறலிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிற குடியானவர்கள் மில் வாசலில் காத்திருக்கும் நேரத்தில் அவர்களுக்கெல்லாம் அவன் அபிப்பிராயம் சொல்வான். சட்டைப்பைப் பெட்டி பழைய ஹல்லர் மிஷின் மாதிரி, அரைக்கும், ஆனால் அரிசி நொய்யாகிவிடும். டீவிப் பெட்டி புது ரப்பர் ரோலர் மிஷின் மாதிரி, உமி மட்டும் போகும், மணி உடையாது. வலை பிடிக்கிறவனுக்கு விரல் போதும், நண்டு சுடுகிறவனுக்குப் பொறுமை போதும், இதில் ஆடுகிறவனுக்கு மூளை வேண்டும், ஏனென்றால் எதிரே ஆடுகிற மிஷினுக்கே மூளை இருக்கிறது என்பான்.

அது உண்மை. முதல் நாள் வலக்குச்சி சும்மா நின்றது. புது வண்டி, ஓட ஓடத்தான் இளகும் என்று விட்டுவிட்டான். மறுநாள் அது தட்டுத் தடுமாறி அசைந்தது. ஒரு வாரத்தில் பந்தைத் திருப்பி அடித்தது. ஒரு மாதத்தில் இவனை அடித்தது. இவன் மேலே காத்திருந்தால் கீழே அனுப்பும், கீழே இறங்கினால் மேலே அனுப்பும். தானாகக் கற்றுக்கொள்கிற மிஷின் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று முடிவு கட்டினான் இராமச்சந்திரன்.

அதற்கென்று சில குணங்களும் இருந்தன. ராத்திரிச் சாப்பாட்டு வேளை நெருங்கும்போது கொஞ்ச நேரம் ஆடாமல் நின்றுவிடும். சூடு தணிய ஓய்வெடுக்கிறது என்று புரிந்துகொண்டான். மாதாமாதம் கிருத்திகையன்று சாயங்காலம் முழுக்கவே அசையாது. நட்சத்திரத்துக்கும் ரேடியோ அலைக்கும் சம்பந்தம் உண்டு என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான். சிங்கப்பூர்ப் பெட்டி கிருத்திகை விரதம் இருக்கிறது என்ற சேதி மாகறல் வரைக்கும் போய்ச் சேர்ந்து, அங்கே ஒருவர் அதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்றும் கேள்வி.

அப்பேர்ப்பட்ட பெட்டிதான் இன்று, கிருத்திகையும் இல்லாத நாளில், மைல்கல்லாக நிற்கிறது.

"கரண்டு பத்தல முதலாளி," என்றான் இராமச்சந்திரன். "பக்கத்துலயே மில்லு ஓடுது பாருங்க. மோட்டாரு இழுத்துக்குது. மூளைக்கு வந்து சேரல."

நமச்சிவாயம் தலையாட்டினார். மெட்ராஸ் பொருட்காட்சியிலும் ராட்டினம் சுற்றும்போது பெட்டிகள் மங்கும் என்று அனுபவம் சொன்னார். சம்பந்தியாகப் போகிறவரே சொன்ன பிறகு என்ன? தாண்டவராயன் ஆள் அனுப்பி மில்லை நிறுத்தச் சொன்னார். அறுவடைக் காலம். பாதி அரைபட்ட நெல் இயந்திரத்துக்குள்ளே நின்றது. வரிசையில் இருந்தவர்கள் இன்னா ஏது என்று கேட்டுக்கொண்டே வீட்டு வாசலுக்கு வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். இராமச்சந்திரன் குமிழைத் திருகினான். டொய்ங். அவனுக்கு இன்னொரு புள்ளி.

அடுத்தது ஆண்டெனா. பெட்டி சிங்கப்பூர், மொட்டை மாடியில் ஆண்டெனாவோ மெட்ராஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மிஷினுக்குத் திசை குழம்பாமல் என்ன செய்யும்? மாடிக்கு ஏறி, குழாயைக் கட்டிப் பிடித்து, சிங்கப்பூருக்கு இதுதான் திசை என்று செய்யாற்றுப் பக்கமாகத் திருப்பிவிட்டு இறங்கினான். டொய்ங்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து முதலாளியம்மா ராணியம்மாள் வந்தாள். வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களுமாக ஒரு கூட்டம் அவள் பின்னால். ஞாயிற்றுக்கிழமைப் படம் ஆரம்பித்திருக்கும், ஆடியது போதும், படம் வையுங்கள் என்றாள். பெட்டியைக் கழற்றிப் பழைய ஒயரை மாட்டினால் திரையில் படம் இல்லை; உமி பறக்கிற மாதிரி வெள்ளைப் புள்ளிகள் பறந்தன. இராமச்சந்திரன் மறுபடி மாடிக்கு ஓடினான். இவன் மேலிருந்து தெரியுதா என்று கேட்க, கீழிருந்து இல்லை இல்லை என்று பெண்கள் குரல் கொடுக்க, குழாய் எல்லாத் திசையும் சுற்றி, கடைசியில் கிளாம்பு கையோடு வந்துவிட்டது. அன்றைய படம் அத்தோடு சரி. அந்தப் பெண்கள் கூட்டம் அவனைப் பார்த்தபடியே கலைந்து போனது.

இவ்வளவுக்குப் பிறகும் அவன் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. ஏனென்றால் அவன் பொய் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம்கூட அது அவனை அடித்து நொறுக்கியிருந்தது. அந்த ஆற்றாமையில்தான் அவன் அன்றைக்குப் பேசியதிலேயே பெரிய தப்பைப் பேசினான். கற்றுக்கொள்கிற மிஷின் ஆயிற்றே, புது ஆளைக் கண்டால் கூச்சப்படும், எல்லாரும் கொஞ்சம் எழுந்து வெளியே போனால் ஆடும் என்றான்.

நமச்சிவாயம் எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஒருவர் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்து, இலை போடுவதற்கு முன்னால் வெளியே போகச் சொல்லி யாரும் இதுவரை தம்மிடம் சொன்னதில்லை என்று நிதானமாகச் சொன்னார்.

தாண்டவராயனின் முகம் அவித்த நெல் நிறத்துக்கு வந்தது. சம்பந்தியைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, கணக்குப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டார்.

"மில்ல நிறுத்துன, படத்தக் கெடுத்த, இப்ப கல்யாணத்துக்கு வந்து நிக்கிற. நாளைக்கு சாயங்காலம் உன் வூட்டுல, எங்க கண்ணெதிர்ல அது ஆடணும். ஆடலன்னா செவ்வாக்கெழம மில்லுப் பக்கம் வராத."

நமச்சிவாயம் மறுநாளும் வர ஒப்புக்கொண்டார். மனஸ்தாபம் இருந்தாலும் மூளையுள்ள மிஷின் ஒன்று இருக்கிறது என்று ஒருவன் சத்தியம் பண்ணும்போது, பார்க்காமல் விட அவரால் முடியவில்லை. ஐயங்கார்குளத்தில் நெல் பார்க்கப் போகும் வேலை இருந்தது. அதை முடித்துக்கொண்டு இப்படி வந்துவிடுவதாகச் சொன்னார்.

இராமச்சந்திரனின் வீடு சின்னது. ஒரு கூடம், ஒரு சமையலறை. அவன் உட்கார்ந்து ஆடுகிற இடத்துக்குப் பின்சுவரில், தலைக்கு மேலே, சமையலறை ஜன்னல். எதிர்ச்சுவரில் டீவி. கஸ்தூரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், சாயங்கால ஷிப்ட். அதனால் சமையல் அவள் அம்மா ஆண்டாளம்மாள் பொறுப்பு. கல்யாணம் ஆனதிலிருந்து மாமியாரும் மருமகனும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றுமில்லை, அந்தக் குடும்பத்தில் அதுதான் மரியாதை. மாப்பிள்ளை கூடத்தில் இருந்தால் ஆண்டாளம்மாள் சமையலறையை விட்டு வரமாட்டாள். சாப்பாட்டை நிலைப்படியில் வைத்து டம்ளரைத் தட்டுவாள், இவன் எடுத்துக்கொள்வான். சொல்ல வேண்டியது எதுவானாலும் மகள் மூலமாகத்தான் போகும், வரும்.

திங்கட்கிழமை மில்லிலிருந்து சீக்கிரமே வந்து, இராமச்சந்திரன் பெட்டியைத் துடைத்து, எப்போதும்போல மாட்டினான். தனக்கான குமிழைத் தரையில் வைத்தான். கூடவே வந்த இன்னொரு குமிழையும் செருகினான். ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று லாரிக்கு ஸ்டெப்னி கொடுப்பதுபோலக் கம்பெனிக்காரன் கொடுத்தது அது. ரெண்டு தெரு தள்ளிப் போவதற்கு ஸ்டெப்னி எதற்கு என்றுதான் நேற்று அதை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான். கூடத்தில் கிடந்தால் காலில் இடறும். ஆகவே முதல் நாளிலிருந்து அதற்கென்று வைத்த இடத்தில், தலைக்கு மேலே ஜன்னல் கம்பிக்குள் விட்டு, உள்பக்கத்துப் பலகையில் வைத்தான். பிறகு ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் பெட்டிக்குக் காட்டினான்.

தாண்டவராயனும் நமச்சிவாயமும் வந்து, அவனுக்கு இரண்டு பக்கமும் சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்தார்கள். பெட்டியை முடுக்கினான். பந்து வந்தது. இவன் அடித்தான். வலக்குச்சி அசையவில்லை.

டொய்ங்.

சமையலறையில் பம்ப் ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. தாண்டவராயன் ஒரு விரலை மடக்கினார். அது நேற்று அவர் பேசியதைவிட மோசமாக இருந்தது. எக்ஸ்சேஞ்சு சம்பளத்தில் எத்தனை நாள் தள்ள முடியும், கஸ்தூரியிடம் என்னவென்று சொல்வது என்று இராமச்சந்திரனின் மனம் எங்கெங்கோ போனது. டொய்ங். டொய்ங்.

நிலைப்படியில் டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. காப்பி. எழுந்து போய் எடுத்துவந்து இருவருக்கும் கொடுத்தான். நமச்சிவாயம் ஒரு வாய் குடித்தார். இராமச்சந்திரன் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு பந்தை அடித்தான்.

வலக்குச்சி மெல்ல இறங்கி வந்து அதைத் திருப்பி அடித்தது.

"பாத்தீங்களா," என்றான் அவன். "வந்தவங்க காப்பி குடிக்கட்டும்னு நின்னுக்கினு இருந்துருக்குது."

அதன் பிறகு நடந்ததை உத்திரமேரூர் பார்த்திருக்க வேண்டும். மிஷின் அவனை ஓட ஓட அடித்தது. நமச்சிவாயம் பொறுக்க முடியாமல் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் குமிழைக் கேட்டு வாங்கினார். மெட்ராஸ் பெட்டிகளில் தேறிய கை. ஆனாலும் ஒரு புள்ளி எடுப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அவர் மேலே காட்டினால் அது கீழே அனுப்பியது. அவர் விழித்துக்கொண்டால் நடுவில் விட்டது. தோற்கத் தோற்க அவர் முகம் மலர்ந்தது. அடுத்துத் தாண்டவராயன் வாங்கினார். அவர் குமிழை வலப்பக்கம் திருகுவதா இடப்பக்கமா என்று யோசித்து முடிக்கும்போது பந்து போய்விட்டிருக்கும். ஒரு பந்தைக்கூட அவர் தொடவில்லை. அதற்காக அவர் வருத்தப்படவில்லை. அவர் பார்வை முழுக்கச் சம்பந்தியின் முகத்தில் இருந்தது.

நமச்சிவாயம் அபிப்பிராயம் சொன்னார். காசு போடும் பெட்டிகளைத் தாம் நாலு வருஷமாகப் பார்த்துவருவதாகவும், அவை கிளிப்பிள்ளை, சொன்னதையே சொல்லும் என்றும், கலர் கலராக வெடிப்பதெல்லாம் வெறும் வாணவேடிக்கை என்றும், இதற்கு மட்டும் எதிராளியின் மனசு தெரிகிறது என்றும் சொன்னார். ஒரு நல்ல மிஷின் எதிரே ஆடுபவனை அவமானப்படுத்தாது, நடுநடுவே ஒரு பந்தை விட்டுக்கொடுத்து ஆசை காட்டும். அந்தப் பெருந்தன்மை இதில் இருக்கிறது, ஜப்பான்காரன் மூளையே மூளை என்றார். தன் மனசில் இருந்ததை இன்னொருவர் வாயால் கேட்டு இராமச்சந்திரனுக்குக் கண் கலங்கியது.

இப்படி ஒரு பெட்டி தம்மிடம் இருந்தால் மண்டிக்கே போகமாட்டேன் என்று நமச்சிவாயம் பெருமூச்சு விட்டதுதான் தாமதம்.

"எடுத்துக்கினு போங்க சம்மந்தி," என்றார் தாண்டவராயன். "நம்ம கணக்குப்புள்ள வேத்து ஆளா? உங்களுக்குனா சந்தோசமாக் குடுப்பான். கல்யாணத்த மட்டும் உத்திரமேரூர்லயே வச்சிக்கலாம்."

நமச்சிவாயம் பெட்டியைப் பார்த்தார். கல்யாணம் எங்கே நடந்தால் என்ன, பிள்ளைகள் நன்றாக இருந்தால் சரி என்றார்.

இராமச்சந்திரனை யாரும் கேட்கவில்லை. தாண்டவராயன் மட்டும் அவன் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதில் செவ்வாய்க்கிழமை இருந்தது. இத்தனை மாத சாயங்காலங்களையும், ஒவ்வொரு நாளும் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சி வளர்ந்த அந்தக் குச்சியையும் நினைத்துக்கொண்டான். ஊரில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவனைப் பிரிவதுபோல இருந்தது. டீவியிலிருந்து ஒயரைக் கழற்றிச் சுற்ற ஆரம்பித்தான்.

சமையலறையில் ஸ்டவ் அணைந்தது. கஸ்தூரி வர இன்னும் நேரம் இருந்தது. தூது சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வளையல் ஓசையும், சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்ளும் சத்தமும் கேட்டன. மூன்று ஆண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். கம்பிகளுக்கு இடையே ஒரு கை நீண்டது. கையில் ஸ்டெப்னிக் குமிழ். அதன் கறுப்பு வண்ணம் விரல் பட்டு விரல் பட்டு வெளுத்து, பக்கவாட்டில் தோசைமாவு காய்ந்திருந்தது.

இராமச்சந்திரன் குமிழைப் பார்த்தான்; அதிலிருந்து பெட்டிவரை போகும் ஒயரைப் பார்த்தான்; அணைந்து கிடந்த திரையின் வலப்பக்கத்தைப் பார்த்தான்.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ஆண்டாளம்மாள் மருமகனிடம் நேராகப் பேசினாள்.

"எனக்குப் பொழுது போவட்டும்னு ஜன்னல்ல வச்சிக் குடுத்தீங்க மாப்ள, கொற சொல்லக் கூடாது, ஆனா தாராளமாக் குடுத்துடுங்க, எனக்கு எதுக்க ஆடுதே அந்த எடது பக்கத்து மிஷினு, அதுக்கு மூளையே கெடையாது, நானும் பாவம் பாத்து வுட்டுக் குடுத்துக்கினேதான் கீறேன், தேற மாட்டேங்குது, இன்னிக்கினா படு மோசம்."